மொக்கைச்சாமி பாதியில் விட்ட நாயனம்

மேளச் சத்தம் எங்கே கேட்டாலும் மொக்கைச்சாமி முதலில் செய்வது கைக்கடிகாரத்தைக் கழற்றுவது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, பையின் மேல் லேசாக ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்குள் காலெடுத்து வைப்பார். கோயில் கொட்டு, வள்ளி நாடகம், கல்யாண மண்டபத்துப் பாட்டுக் கச்சேரி, மார்கழிக் குளிரில் தேனியில் ஒரு சர்ச் வாசலில் நின்று கேட்ட கேரல் பாட்டு, எதுவானாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது.

கூட்டத்தில் எவனாவது அறுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்தான் காரணம் என்று அவர் மகள் முனீஸ்வரி சின்ன வயதில் நினைத்திருந்தாள். உத்தமபாளையத்தில் காலேஜ் சேர்ந்த பிறகு, அந்தப் பழைய கடிகாரத்தை அறுத்துக்கொண்டு போகிறவன் அதைவிட நல்லதாக ஒன்றைக் கட்டியிருப்பான் என்று பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏப்பா, வாச்சை எதுக்குக் கழட்டுறீக?"

"கையில கெடந்தா முள்ளு ஓடுறது ஒடம்புல தெரியுது ஆத்தா. அது ஓடுதுன்னு தெரிஞ்சா எப்படிக் கேக்குறது?"

அவர் ஜீப்பு ஓட்டினார். காமயகவுண்டன்பட்டிக்கு அடுத்த ஊர் அவர்களுடையது. விடிவதற்கு முன்பே ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைத் தெருத்தெருவாக ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்துத் தோட்டங்களில் கொண்டுபோய் இறக்க வேண்டும். தோட்டத்துக் கேட்டைச் சாத்துவதற்குள் போய்ச் சேராவிட்டால் பத்துப் பதினைந்து பேருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். சாயங்காலம் மறுபடி அதே ஓட்டம். நாள் முழுக்க அந்த முள்ளுக்குப் பயந்து வாழ்ந்த மனிதர் அவர். பாட்டுக் கேட்கிற நேரம் மட்டும் அதை இருட்டில் போட்டு வைத்தார்.

எல்லாவற்றையும் கேட்பார் என்றாலும், அய்யாத்துரையின் நாயனம் என்றால் அது வேறு. அய்யாத்துரை சின்னமனூர்ப் பக்கத்து ஆள். நையாண்டி மேளத்தில் நாயனம் வாசிப்பவர். இந்தச் சுற்று வட்டாரத்தில் திருவிழாவுக்கும் அவர்தான், சாவுக்கும் அவர்தான். ஊர் அம்மன் கோயில் பொங்கலில் சாயங்காலம் சப்பரம் புறப்பட்டு ஊர்ப் பொதுவெளியான மந்தைக்கு வரும். மந்தைத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி மொக்கைச்சாமி நின்றுகொண்டிருப்பார். அய்யாத்துரை அவருக்கு நேரெதிரே வந்து நிற்பார். உறுமியும் தவிலும் ஓய்ந்துவிடும். நாயனம் மட்டும் தனியாகக் கிளம்பும்.

அந்த நேரத்தில் சிலர் நோட்டை எடுத்து அய்யாத்துரையின் சட்டையில் குத்துவார்கள். இளவட்டங்கள் விசிலடிப்பார்கள். மொக்கைச்சாமி கல்லுப்போல நிற்பார். கண் வாசிப்பவரின் விரல்களிலேயே இருக்கும். நாயனம் எங்கெங்கோ ஏறி, எங்கெங்கோ திரும்பி, இனி எப்படி வீடு வந்து சேரப்போகிறது என்று இருக்கும்போது, ஒரே ஒரு இடத்தில் அவர் தலை கீழே இறங்கும். ஒரே ஒரு தடவை. அதைப் பார்த்த பிறகுதான் அய்யாத்துரை கண்ணை மூடித் திறந்து, தவில்காரருக்குச் சைகை காட்டிவிட்டு நகர்வார். சப்பரமே அந்தத் தலையசைப்புக்காகக் காத்து நிற்பதுபோல இருக்கும்.

"கைதட்டு எப்ப வேணாலும் வரும் பாப்பா," என்று அய்யாத்துரை ஒரு தடவை முனீஸ்வரியிடம் சொன்னார். அவர்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார் அப்போது. "அண்ணன் தலை எறங்குற எடம் இருக்கே, அது நான் மனசுல வச்சிருந்த எடம். எனக்குள்ள இருந்தது இன்னொரு மண்டைக்குள்ளயும் இருந்திருக்குன்னு அப்பத்தான் தெரியும். இல்லைன்னா சும்மா ஊதிக்கிட்டுப் போறதுதான்."

முனீஸ்வரிக்கு அந்த இடம் எதுவென்று ஒருபோதும் தெரிந்ததில்லை. அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். இதோ வருகிறது என்று நினைப்பாள், வராது. வேறெதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் தலை இறங்கியிருக்கும். வீட்டில் முதல் பட்டதாரி அவள். பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவருக்குக் கேட்பது தனக்கு ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி அவளைக் குடைந்தது. படிப்பு எதையாவது கொடுத்துவிட்டு எதையாவது எடுத்துக்கொண்டதா? அல்லது தன்னிடம் ஆரம்பத்திலிருந்தே இல்லையா? விடை தெரியாத கேள்விகளை ஒத்திப்போட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுவது பரீட்சைக்குச் சரி. இது அப்படி ஒத்திப்போட முடிந்த கேள்வியாக இல்லை.

அவள் டிகிரி முடித்த வருஷத்துப் பொங்கலில்தான் அது நடந்தது. மந்தையில் நாயனம் தனியாகக் கிளம்பிப் பாதி வழி போயிருந்தது. மொக்கைச்சாமியின் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை எடுத்துக் காதில் வைத்தார். கார்த்திக்ராஜ் என்கிற பையன் அன்றைக்கு அவருக்குப் பதிலாக ஜீப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தான். மெட்டு வளைவில் வண்டி நின்றுவிட்டது. மலையில் மழை. பெண்கள் எல்லாரும் ரோட்டோரத்தில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.

மொக்கைச்சாமி பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். கட்டும்போதே அவர் முகம் மாறிப்போனது. நாயனத்தில் வாய் வைத்திருந்த அய்யாத்துரையால் எதுவும் கேட்க முடியவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார். மொக்கைச்சாமி கையை விரித்து, பிறகு நெஞ்சில் வைத்து, அடுத்த வருஷம் என்பதுபோலக் காட்டிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். அவர் போன பிறகும் அய்யாத்துரை சப்பரத்தை நகரவிடவில்லை. வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து வட்டமடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தவில்காரர் முழங்கையால் இடித்தார். சப்பரம் நகர்ந்தது.

பெண்கள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள். மொக்கைச்சாமிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"வாசிச்சுக்கிட்டு இருக்க ஆளுக்கு முதுகைக் காட்டிட்டனே," என்றார்.

அவர் மனைவி மாயக்காளுக்கு எரிச்சலாக வந்தது. "ஆமா, பொம்பளைக மழையில நிக்கையில நீங்க அங்கன தலையாட்டிக்கிட்டு நின்னிருக்கணும்! பெரிய சீமைத் தலை. அவரு ஊதுனதுக்கு ஊரு கூலி கொடுத்துச்சுல்ல?"

"ஊரு கொடுத்தது ஊருக் கடன். என் கடன் அப்படியே நிக்கிதுல்ல."

"அப்ப அடுத்த வருசம் வட்டியோட ரெண்டு ஆட்டு ஆட்டிருங்க."

அடுத்த வருஷம் பொங்கல் நடக்கவில்லை. சப்பரத்தின் முன்கொம்பை யார் முதலில் தொட்டுத் தூக்குவது என்று ஊரில் இரண்டு வகையறாக்களுக்குள் தகராறு. கைகலப்பாகி, போலீஸ் வந்து, பேச்சுவார்த்தை நடந்து, கோயிலைப் பூட்டிவிட்டார்கள். கதவில் ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போயிற்று. இந்த வருசம் பேசி முடிச்சிருவாக என்று ஒவ்வொரு தையிலும் சொல்லிக்கொண்டார்கள். பூட்டு துருப்பிடித்ததுதான் மிச்சம்.

அய்யாத்துரைக்கு வேலைக்குக் குறைவில்லை. போடி, கூடலூர் என்று எங்கேயாவது வாசித்துக்கொண்டுதான் இருந்தார். "அங்கன போய்க் கேட்டுட்டு வாங்களேன்ப்பா, பஸ்ஸுல ஒரு மணி நேரம்," என்று முனீஸ்வரி சொல்லிப் பார்த்தாள். மொக்கைச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. வேற்றூர் மந்தையில் தான் கூட்டத்தில் ஒருவன்தான், அங்கே அவர் வேறு யாருக்கோ வாசிப்பார், குறுக்கே போய் நின்று தலையாட்டினால் அது திருட்டு மாதிரி என்றார். கடன் பட்ட இடத்தில்தான் தீர்க்கணுமாம். அந்தப் பிடிவாதம் முனீஸ்வரிக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நாள் கிடக்கிறது என்று அவளும் நினைத்தாள்.

நாள் கிடக்கவில்லை. வயிற்றில் வலி என்று ஆரம்பித்தது. கம்பத்தில் மாத்திரை கொடுத்தார்கள், தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள், மதுரையில் கட்டி என்றார்கள். மதுரைக்கு நடையாய் நடந்த பிறகு ஒருநாள் டாக்டர் அடுத்த ஊசிக்குத் தேதி சொன்னபோது மொக்கைச்சாமி கையைத் தூக்கி "மதி" என்றார். தோட்டத்துப் பழக்கத்தில் அவர் வாயில் தங்கிவிட்ட மலையாளம் அது. போதும் என்று அர்த்தம். டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற முனீஸ்வரிக்குப் புரிந்தது. வற்புறுத்தியிருக்கலாம். டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வற்புறுத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அவளுக்கும் அந்த வருஷம் எதுவும் நகரவில்லை. வேலைக்கென்று எழுதிய பரீட்சை ஒன்றிலும் அவள் நம்பர் வரவில்லை. கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மற்றவர்களின் சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தன்னால் செய்ய முடிந்தது என்று எதுவுமே இல்லையா என்று யோசித்தபோது, போன் நினைவுக்கு வந்தது. யாரோ அய்யாத்துரையின் வாசிப்பை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் காதில் இயர்போனை மாட்டிவிட்டாள்.

அவர் முழுவதும் கேட்டார். முடிந்ததும் "நல்லாருக்கு ஆத்தா" என்றார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். மெலிந்த கையில் வளையல்போலச் சரிந்து கிடந்த கடிகாரத்தை அவர் கழற்றவே இல்லை.

"ஏப்பா, கழட்டலையா?"

"இதுக்கு எதுக்கு? அவன் வாசிச்சு முடிச்சு என்னைக்கோ வீட்டுக்குப் போயிட்டான். நான் இங்கன படுத்துக்கிட்டுத் தலையாட்டுனா அவனுக்கா தெரியப்போகுது?"

அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். சின்னமனூருக்குப் பஸ் ஏறி அய்யாத்துரையின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"படுத்த ஆளு வீட்டுக்கு மேளம் வரப்படாது பாப்பா. தெருவுல வேற மாதிரி நெனைப்பாக."

"மேளம் வேணாம்ணே. உறுமி, தவிலு எதுவும் வேணாம். நாயனம் மட்டும். கொட்டு இல்லாம ஊதுனா யாரு என்னா நெனைக்கப்போறாக? எல்லாரும் தோட்டத்துக்குப் போயிருக்க நேரத்துல வாங்க."

அவள் பேச்சில் படித்த பிள்ளையின் திடம் இருந்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு பதில் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், இதை அப்பாவுக்காகச் செய்கிறேனா, நானும் ஒன்று செய்தேன் என்று இருப்பதற்காகச் செய்கிறேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. இரண்டும்தான் என்று சொல்லிக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

அய்யாத்துரை நண்பகலில் வந்தார். சாதாரணச் சட்டை, கையில் துணிப்பை. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர் யாரோ உறவுக்காரர் நலம் விசாரிக்க வருவதுபோலத்தான் இருந்தார். மாயக்காள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அய்யாத்துரை பையிலிருந்து நாயனத்தை எடுத்தபோது மொக்கைச்சாமி எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. முனீஸ்வரி தலையணைகளை முதுகுக்குக் கொடுத்தாள்.

"என்னாண்ணே, அன்னைக்குப் பாதியில விட்டுட்டு ஓடிட்டீக?" என்றார் அய்யாத்துரை.

"இன்னைக்கு ஓட முடியாதப்பா. தைரியமா வாசி."

மொக்கைச்சாமி இடது கையை மகளிடம் நீட்டினார். அவள் கடிகாரத்தைக் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டாள். பையின் மேல் அவர் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

அய்யாத்துரை மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் நாயனம் மெதுவாக ஊதுகிற வாத்தியம் இல்லை. நாலு சுவருக்குள் அது வீட்டையே நிறைத்தது. மொக்கைச்சாமியின் கண் அவர் விரல்களுக்குப் போயிற்று. சுருங்கிப்போயிருந்த முகம், மந்தையில் நிற்கிற முகமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முனீஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு அந்த இடம் தனக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

தெருப் பெண்கள் சிலர் போயிருந்த உள்ளூர்த் திராட்சைத் தோட்டத்தில் அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் தெருமுனையில் நாயனத்தைக் கேட்டார்கள். மொக்கைச்சாமி வீட்டுக்குள்ளிருந்து நாயனம் என்றால் வேறு என்ன அர்த்தம்? எதிர்வீட்டுச் சந்தனம்மாள் தூக்குச்சட்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏ எங்கண்ணே! தேரு மாதிரி வண்டி ஓட்டுன எங்கண்ணே! ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டியே!"

அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் அழுதுகொண்டு நுழைந்தார்கள். அதற்குள் யாரோ ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். கார்த்திக்ராஜ் பைக்கில் வந்து இறங்கினான். கையில் ரோஜா மாலை. எல்லாரும் கட்டிலைப் பார்த்தார்கள். கட்டிலில் மொக்கைச்சாமி தலையணையில் சாய்ந்தபடி எல்லாரையும் பார்த்தார். நாயனம் நின்றது.

பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்த மாயக்காள் நாயனத்தையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு கூப்பிட்டது இவரை? எந்தக் கழுதை கூப்பிட்டுச்சுங்கிறேன்?"

சந்தனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்த்திக்ராஜ் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான்.

"ஏலே, எதுக்குல ஒளிக்கிற?" என்றார் மொக்கைச்சாமி. "நல்ல மாலையாத்தான் வாங்கியிருக்க. அப்படி ஆணியில மாட்டிட்டுப் போ. மறுபடி எதுக்குக் கம்பத்துக்கு அலையணும்?"

சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக அழுதார்கள். முனீஸ்வரிக்கு இரண்டும் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் மொக்கைச்சாமி அய்யாத்துரையைப் பார்த்து, "முடிக்கலையேப்பா" என்றார்.

அய்யாத்துரை மாயக்காளின் முகத்தைப் பார்த்தார். "இன்னொரு நாள் வாரேண்ணே."

"இனிமே இந்த வாசப்படியில நாயனம் ஏறப்படாது," என்றாள் மாயக்காள். கோபமாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்தது. "அது சத்தத்தை நான் ஒருதடவ கேட்டா போதும். ரெண்டுதடவ கேக்க வைக்காதீக."

அதற்கு மேல் அய்யாத்துரை நிற்கவில்லை. நாயனத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் முனீஸ்வரி கடிகாரத்தை எடுத்து அப்பாவின் கையில் கட்டப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். "வாசிப்பு முடியலைல்ல. இருக்கட்டும்." அது பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் பழைய பையிலிருந்து புதுப் பைக்கு மாற்றச் சொன்னார். மணி என்ன என்று அவர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. முனீஸ்வரி சின்னமனூருக்கு மறுபடி போக நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள், போகமாட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள், போகவேண்டும் என்றிருக்கும். இப்படியே இருக்கும்போது ஒரு காலையில், மாயக்காள் கஞ்சி கொண்டுவந்து வைத்துக் கூப்பிட்டபோது அவர் எழவில்லை.

ஜீப்பு ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். மேளத்துக்கு யாரும் சொல்லியனுப்பாமலேயே அய்யாத்துரை தன் ஆட்களோடு வந்தார். வழக்கப்படி தெருவில் பந்தலுக்கு வெளியே நின்று கொட்டினார்கள். எடுக்கிற நேரம் நெருங்கியபோது அவர் உறுமியையும் தவிலையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பந்தலுக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்த்திவைத்திருந்த மொக்கைச்சாமிக்கு நேரெதிரே நின்றார். மாயக்காள் தடுக்கவில்லை. அவள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாயனம் தனியாகக் கிளம்பியது. அன்றைக்கு வீட்டில் நின்றுபோன இடத்திலிருந்து அவர் எடுக்கிறார் என்பது முனீஸ்வரிக்குக்கூடத் தெரிந்தது. அவள் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அது ஏறியது, திரும்பியது, வெகுதூரம் போய் இறங்கத் தொடங்கியது. அய்யாத்துரை பழக்கத்தில் கண்ணைத் தூக்கி மொக்கைச்சாமியின் முகத்தைப் பார்த்தார். தாடையிலிருந்து உச்சிவரை வெள்ளைத்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. தலை சரியாமல் இருக்க நாற்காலியோடு சேர்த்தும் ஒரு கட்டு.

அவர் பார்வை மெல்ல நகர்ந்து முனீஸ்வரியிடம் வந்து நின்றது.

தன்னைத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இதுவா, இல்லை அடுத்ததா? அவள் தலையைக் குனிந்தாள். குனியும்போதே அவர் கண்ணில் தெரிந்துவிட்டது, அது அந்த இடம் இல்லை. அவர் விடவில்லை. திரும்ப வந்தார். மந்தையில் வட்டமடித்ததுபோல அதே வழியில் இன்னொரு சுற்று வந்தார். இந்தத் தடவை அவள் காத்திருந்தாள். காத்திருக்கும்போதே அது கடந்து போய்விட்டது. தவில்காரர் அய்யாத்துரையின் முழங்கையைத் தொட்டார். ஆண்கள் நாற்காலியைத் தூக்கக் குனிந்தார்கள்.

அய்யாத்துரை நாயனத்தை வாயிலிருந்து எடுத்துத் தோள்துண்டால் துடைத்தார்.

"அண்ணன் பாக்கி வச்சிட்டே போயிட்டாக பாப்பா," என்று சொல்லிவிட்டு, ஊர்வலத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார்.